மாரிக்கு மட்டக்களப்பில் கார் வைத்திருப்பது எப்படி? கல்லடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கல்லடியில் வீடு, வவுணதீவுப் பக்கம் வேலை. சித்திரையில் ஒரு வாகன் ஆர் ஹைபிரிட் வாங்கியிருக்கிறீர்கள், ஜப்பானில் ஓடி வந்த கார். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, ஐஸ் புயலுக்கு முன் காரை எப்படித் தயார்படுத்துவது என்று வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறார். டயரை மாற்று, கூலன்டைப் பார், பற்றரியைச் சோதி, எரிபொருளை அரை டாங்குக்குக் கீழே விடாதே. இதில் எங்களுக்கு ஏதாவது தேவையா, மாரிக்கு இங்கே உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அக்காவின் பட்டியலில் பெரும்பகுதி மட்டக்களப்புக்கும் சரி, காரணம்தான் வேறு. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் இங்கே நிறையக் கார்களைக் கராஜுக்கு அனுப்புகிறது: வெள்ளத்துக்குள் நின்றுபோன இஞ்சினைத் திரும்பவும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

முதலில் அவர்களுடைய ஐஸ் புயலைச் சொல்லிவிடுகிறேன். பனி கொட்டுவது வேறு, இது வேறு. வானத்தில் கொஞ்சம் சூடான காற்றுப் படை ஒன்று இருக்கும். அதனூடாக விழும் பனி உருகி மழையாகிவிடும். தரையை ஒட்டி, சுழியத்துக்குக் கீழே குளிர்ந்த காற்று மெல்லிய படையாகக் கிடக்கும். துளி அதற்குள் உறைய நேரம் போதாது. வீதியையோ கார்க் கண்ணாடியையோ மின்கம்பியையோ தொட்டவுடன்தான் ஐஸாகும். 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் நாட்கணக்கில் இப்படிப் பெய்து பெரிய மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. 2013 நத்தாருக்குச் சற்று முன் ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்ததும் இதனால்தான். கார்க்காரருக்கு அங்கே பயம் வழுக்கும் வீதியும், கண்ணாடியில் பாளமாக ஒட்டிய ஐஸும், பாரம் தாங்காமல் காருக்கு மேல் முறிந்து விழும் கொப்பும்தான்.

கொப்பு விஷயத்தில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தென்னைகள் விழுந்த கதையை அவர்களிடம் கேளுங்கள். மாரி தொடங்கியதும் காரைத் தென்னைக்கும் முருங்கைக்கும் கீழே விடுவதை நிறுத்துங்கள். முருங்கை காற்றே இல்லாமலும் முறியும்.

இனி உங்கள் கார். ஒன்று தெரியுமா, அந்தக் கார் உங்கள் அக்காவைவிட அதிகம் பனி பார்த்ததாக இருக்கலாம். ஜப்பானின் வடக்கில், ஹொக்கைடோ போன்ற இடங்களில், குளிர்காலத்தில் ஐஸ் உருக வீதியில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடித்தட்டில் தெறித்துத் தெறித்துத் துருப்பிடிக்க வைக்கும். நான்கு சக்கர இழுவையோடு வரும் வாகன் ஆர் பெரும்பாலும் பனிப் பிரதேசத்துக்கென்று விற்கப்பட்டதுதான். சீட் ஹீற்றரும் இருந்தால் அடியைக் கட்டாயம் பாருங்கள். வாங்கும்போது கிடைத்த ஏலத் தாள், அதாவது ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் தாள், கையில் இருந்தால் அதில் எஸ், சி என்ற எழுத்துக்களைத் தேடுங்கள். எஸ் என்றால் துரு, சி என்றால் உலோகம் அரித்திருக்கிறது. மேலே பளபளவென்று பொலிஷ் போட்டு விற்பவர் அடியைக் காட்டமாட்டார்.

இப்படி வந்த கார் கல்லடியில் குடியேறினால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று மிச்சத்தையும் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஐப்பசிக்குள் ஒரு நாள் காரை லிஃப்ட்டில் ஏற்றி நீங்களே கீழே நின்று பாருங்கள். பிரேக் ஒயில் போகும் உலோகக் குழாய், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஷொக் அப்சோபர் பிடித்திருக்கும் இடம், சைலன்சர். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடும் உக்கிய தகடும் சத்தத்திலேயே தெரியும். அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லி சேர்விஸ் ஸ்டேஷனில் கேட்பார்கள். துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து அடித்தால் பயன். ஈரத்துக்கு மேலும் துருவுக்கு மேலும் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்தை மூடிவைத்துத் துருவை வளர்த்ததுதான் மிச்சம். அவசரத்தில் செய்வதென்றால் செய்யாமலே விடுவது நல்லது.

டயருக்கும் இதே பனிக் கதை உண்டு. சில கார்கள் குளிர்கால டயரோடேயே கப்பலில் வந்துவிடுகின்றன. பக்கவாட்டில் ஸ்டட்லெஸ் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும், அல்லது மலைக்குள் பனிப்பூ வரைந்த அடையாளம் இருக்கும். அக்கா இருக்கும் நாட்டில் அது அருமையான சாமான். சாதாரண டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகிப்போகும், குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஆனால் எங்கள் தார் வீதியின் சூட்டில் அந்த ரப்பர் கெதியில் தேய்ந்துவிடும், ஈர வீதியில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். தடிப்பாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிராமல் கழற்றிவிடுங்கள்.

மாரிக்குத் தேவை நல்ல காடி (டயரில் வெட்டியிருக்கும் பள்ளம்) ஆழமுள்ள சாதாரண டயர். காடிக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர். மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது என் வழக்கம். ஏறாவூர், கிரான், வாழைச்சேனை என்று போகும் நேர் வீதியில் தண்ணீர் மெல்லியதாகப் படிந்து கிடக்கும்போது 80 இல் போனால், காடி அந்தத் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் டயர் வீதியை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், காலை மட்டும் எடுங்கள். வாங்கும்போது டயரின் திகதியையும் பாருங்கள்: நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019 இன் 23 ஆவது கிழமை செய்தது.

பற்றரியும் கூலன்டும் சுருக்கமாக. குளிரில் பற்றரியின் வலு குறையும், அதனால் அங்கே மார்கழியில் சாகும். எங்கள் பற்றரியைக் கெடுப்பது பங்குனி முதல் ஆவணி வரை அடிக்கும் வெயில். மழைக்காலத்தில்தான் அது தெரியவரும், ஏனென்றால் அப்போதுதான் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. மாரிக்கு முன் ஒரு கடையில் லோட் டெஸ்ட், அதாவது பாரம் கொடுத்துப் பற்றரியின் வலுவைப் பார்க்கும் சோதனை, பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் கார் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் வகை என்பதால் அதற்கென்று வரும் பற்றரியையே போட வேண்டும். கூலன்ட் அங்கே உறையாமல் இருக்க, பாதிக்குப் பாதி கலந்தால் கிட்டத்தட்ட மைனஸ் 37 வரை தாங்கும். இங்கே அதே திரவம் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்குள் ஊற்றுகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. எங்கள் கிணறுகள் பலவற்றில் உவர், வேண்டாம்.

சரி, இனி வெள்ளம்.

மட்டக்களப்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. ஆனால் கார்க்காரர் கவனிக்க வேண்டியது தலைக்கு மேல் உள்ள மழையை மட்டும் அல்ல. தண்ணீர் எங்களுக்கு மேற்கிலிருந்து வருகிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி குளங்கள் நிரம்பி வான் கதவு திறந்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குள் இறங்கி வாவிக்கு வரும். அம்பாறைப் பக்கம் இங்கினியாகல சேனநாயக்க சமுத்திரமும் அப்படித்தான். அதனால் நகரில் மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில், காலையில் காய்ந்திருந்த வீதி மாலையில் முழங்கால் தண்ணீரில் இருக்கும். வேலைக்குப் போகும்போது திரும்பி வரும் பாதையையும் சேர்த்து யோசியுங்கள். வான் கதவு திறக்கும் அறிவித்தல் வந்ததா, வாவித் தண்ணீர் கடலுக்குப் போக ஆற்றுவாய் வெட்டிவிட்டார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

உங்கள் வழியில் சந்தேகமான இடம் வலையிறவு. பாலத்தைப் பற்றி அல்ல, அதைச் சுற்றிய தாழ்ந்த வீதியைப் பற்றிச் சொல்கிறேன். அது மூழ்கினால் ஆரையம்பதிப் பக்கம் போய், 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்கு ஏறிச் சுற்றி வரலாம். அந்தச் சுற்றிலும் தாழ்ந்த இடங்கள் உண்டு, அங்கே இருக்கும் யாருக்காவது ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். கல்முனைப் பக்கம் போவதென்றால் கிட்டங்கித் தாம்போதியை (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்ந்த வீதிப் பகுதி) பெரிய மழையில் நினைத்தும் பார்க்காதீர்கள். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதியில் தோணி ஓடும் நாட்களும் உண்டு. கொழும்புக்குப் போகிறவர்கள் மன்னம்பிட்டிக்கு அப்பால் கல்லேல்லவில் மகாவலி வீதியை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாழைச்சேனையைத் தாண்ட வேண்டும்.

தாம்போதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஓடும் தண்ணீருக்கும் நிற்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம். 15 சென்ரிமீற்றர் தண்ணீர் சாதாரணக் காரின் அடித்தட்டைத் தொட்டுவிடும், உங்கள் வாகன் ஆரின் தரை இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். ஓடும் தண்ணீர் 60 சென்ரிமீற்றர் இருந்தால் ஜீப்பையும் இழுத்துக்கொண்டு போகும். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் புரட்டியது, பிள்ளைகள் இறந்தார்கள். உழவு இயந்திரத்தின் எடைக்கும் உயரத்துக்கும் முன்னால் எங்கள் கார் எம்மாத்திரம்? தாம்போதியில் தண்ணீர் குறுக்கே ஓடினால் ஆழத்தைக் கணக்கிட வேண்டாம், திரும்புங்கள். முன்னால் பஸ் போகிறதே என்று பின்னால் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

நிற்கும் தண்ணீர் என்றால், அதுவும் வீதியின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால், சக்கரத்தின் பாதிக்குக் குறைவான ஆழம் வரை போகலாம். ஏசியை நிறுத்துங்கள். தானாக நின்று ஸ்டார்ட் ஆகும் வசதியை அதன் பட்டனை அழுத்தி நிறுத்துங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு நடுவே ஒரு மாட்டுக்காகப் பிரேக் பிடித்தால் இஞ்சின் தானாக அணைந்து, காலை எடுத்ததும் தானாகச் சுழலும், நீங்கள் தீர்மானிக்க முன்னரே. பிறகு கியரை எல் (குறைந்த வேகக் கியர்) இல் வைத்து, ஒரே சீராக, நடக்கும் வேகத்தில் போங்கள். எதிரே பஸ்ஸோ டிப்பரோ வந்தால் தண்ணீருக்குள் இறங்காமல் மேட்டிலேயே நில்லுங்கள். ஆழமில்லாத தண்ணீரிலும் பஸ் எழுப்பும் அலை பொனட்டுக்கு மேல் ஏறும். கடந்து வந்ததும் பிரேக்கை மெதுவாகச் சில தடவை மிதித்துக் காயவையுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம். தண்ணீருக்குள் கார் நின்றுவிட்டது. கை தானாகவே சாவிக்குப் போகும். போகவிடாதீர்கள். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. முன்பக்கம் காற்று உறிஞ்சும் வாயால் கொஞ்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தாலும், ஸ்டார்ட்டர் சுழற்றும்போது பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதும். பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொனெக்டிங் ரொட் வளையும், சில நேரம் இஞ்சின் புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சாவியில் கை வைக்காமல் நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்த காரென்றால், எயார் ஃபில்டரைக் கழற்றி ஈரம் பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஒயில் மாற்றி ஓட வைக்கலாம். அது ஒரு நாள் வேலை. சாவி திருப்பிய காருக்கு இஞ்சினையே மாற்ற வேண்டி வரும். வீதியில் நிற்பவர்கள் எல்லோரும் “ஒருக்கா அடிச்சுப் பாருங்க அண்ணே” என்பார்கள். அவர்கள் இஞ்சின் வாங்கித் தரமாட்டார்கள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் காரைப் பற்றிய யோசனையை விட்டுவிடுங்கள். பவர் கண்ணாடி வேலை செய்யும்போதே இறக்கி அதனால் வெளியேறுங்கள். வெளியே தண்ணீர் அழுத்தும்போது கதவு திறக்காது.

வீட்டில் நிறுத்தியிருந்த காரை வெள்ளம் தொட்டிருந்தால் முதலில் எந்த மட்டம் வரை ஏறியது என்று பாருங்கள், அந்த அடையாளத்தோடு நாலு பக்கமும் படம் எடுங்கள், காப்புறுதிக்கு அது தேவைப்படும். பிறகு 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கியர் ஒயிலும் அப்படியே சோதிக்க வேண்டும், உங்கள் காரில் இருக்கும் சிவிடி என்ற தானியங்கிக் கியர்பெட்டிக்குத் தண்ணீர் பரம விரோதி. கம்பளம் நனைந்திருந்தால் சீட்டைக் கழற்றி முழுதாக வெளியே எடுங்கள். மேலே காய்ந்து தெரிந்தாலும் கீழே இருக்கும் பஞ்சு கிழமைக்கணக்கில் ஈரமாக இருக்கும், வயர் இணைப்புகள் அதற்குள்தான் ஓடுகின்றன. வாவித் தண்ணீர் என்றால் உப்பு கலந்தது, நல்ல தண்ணீரால் கழுவிவிட்டே காயவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால்தான் பலன். கராஜுக்குக் கொண்டுபோவதும் கார் கேரியரில்தான், கயிறு கட்டி இழுத்தல்ல.

ஹைபிரிட் என்பதால் இன்னொன்று. உங்கள் காரின் சின்ன லித்தியம் பற்றரி முன் பக்கத்துச் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே கம்பளம் நனைகிற அளவு தண்ணீரே அதற்கு ஆபத்து. மழை பலக்கும் என்று தெரிந்தால் காரை மேட்டுக்குக் கொண்டுபோக உங்களுக்கு மற்றவர்களைவிட அதிக காரணம் இருக்கிறது. டொயோட்டா அக்வா ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பற்றரி பின் சீட்டுக்குக் கீழே, அதன் காற்றுத் துவாரமும் சீட்டுப் பக்கத்தில். அதில் செம்மஞ்சள் நிற வயர் ஓடும். அதைத் தெரிந்தவர் மட்டும் தொடட்டும், எவ்வளவு கெட்டிக்கார கராஜ் பாஸ் (மெக்கானிக்) என்றாலும் ஹைபிரிட் படிக்காதவர் வேண்டாம்.

காப்புறுதிப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். மூன்றாம் தரப்பு என்றால் வெள்ளத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றாலும் இயற்கை அனர்த்தம் சேர்ந்திருக்கிறதா, அல்லது அதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரை நீங்களே ஸ்டார்ட் பண்ணி உடைத்தால் அந்தச் செலவைத் தரமாட்டோம் என்று சொல்லவும் கூடும். லீசிங்கில் எடுத்த காருக்குப் பெரும்பாலும் முழுக் காப்புறுதிதான் போட்டிருப்பார்கள், அதற்காகப் படிக்காமல் இருக்க வேண்டாம்.

உங்கள் நண்பர் ஒருவரும் இப்போது கார் தேடுகிறார் என்றீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு நாட்டில் வெள்ளம் குடித்த கார்கள் எத்தனையோ கை மாறுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். உதிரி டயர் வைக்கும் குழிக்குள் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீராவி, உள்ளே வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணப்பது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் விலை எவ்வளவு மலிவென்றாலும் எழும்பி வந்துவிடட்டும்.

மழையில் கண்ணாடி உட்புறம் ஆவி படிந்து மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி விட்டால் ஒரு நிமிடத்தில் தெளியும். இரவில் படுவான்கரை வீதியில் மாடுகள் ஈரமில்லாத தாரைத் தேடி வந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு கடைசி நொடியில்தான் தெரியும். வெள்ளம் வடியும் நாட்களில் பொனட்டைத் திறக்கும்போது கையை உடனே உள்ளே விடாதீர்கள், பாம்புக்கும் அது காய்ந்த இடம். எலிக்குப் பூச்சி உருண்டை போடுகிறவர்கள் உண்டு, கொச்சிக்காய்த் தூள் தூவுகிறவர்களும் உண்டு. இரண்டையும் மழை கழுவிவிடும், வாரம் ஒருமுறை பொனட்டைத் திறந்து கூடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி.

அரை டாங்க் விஷயத்தில் அக்கா சொன்னபடியே செய்யுங்கள். அங்கே பனியில் சிக்கினால் ஹீற்றர் ஓட எரிபொருள் வேண்டும், இங்கே வீதி மூடினால் பெற்றோல் செட்டுக்கு எரிபொருள் பவுசர் வராது. பனி மூடிய சைலன்சரால் நச்சுப்புகை காருக்குள் வரும் என்ற எச்சரிக்கையும் பொருந்தும்: கரண்ட் போன இரவில் மூடிய கொட்டகைக்குள் காரை ஸ்டார்ட்டில் விட்டு ஏசியில் படுக்காதீர்கள்.

அக்கா அடுத்தமுறை வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டால், டயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். காடி ஆழம் அளக்கும் சின்னக் கருவி, காற்றழுத்தம் பார்க்கும் மீற்றர், கண்ணாடி உடைத்து பெல்ட் வெட்டும் சுத்தியல் ஒன்று கேளுங்கள். சுத்தியலைப் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். வந்ததும் அதை டாஷ்போர்ட் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.